சொன்ன பேச்சு கேட்ட கை

லிஃப்டும் எஸ்கலேட்டரும் பழுது பார்க்கிற கம்பெனியில் அவனை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கை பாட்டுக்கு ஸ்பானரைத் திருகிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அணைக்கவும் முடியாது, ஸ்டேஷனை மாற்றவும் முடியாது. அவனோடு ஜோடியாக வேலை பார்த்தவர் அவன் மனைவியின் அண்ணன். மைத்துனருக்கு நேர் எதிர் சுபாவம். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

"உன் பங்கையும் சேர்த்து நானே பேசித் தீர்க்க வேண்டியிருக்கு மச்சான்" என்பான் ரேடியோ. அதற்கும் அவர் தலையைத்தான் ஆட்டுவார்.

அந்த வருடம் ரேடியோவுக்குப் பேசக் கிடைத்த விஷயம் மனைவியின் வயிறு. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான குழந்தை. ஏழு மாதம் முடியப் போகிறது. மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். அமிலம் கொதிக்கிற குழாயைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் நிற்பாள், ஆனால் ஊசியைக் கண்டால் அவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். முதுகில் ஒரு ஊசி போட்டால் வலியில்லாமல் பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் இவள் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாள். அதைப் பார்த்த பிரசவ வார்டு நர்ஸ்தான், "சனிக்கிழமை என் வகுப்புக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க" என்றாள்.

சுய அறிதுயில் வகுப்பு அது. மூச்சை நிதானமாக்கி, தன்னைத் தானே ஒரு மாதிரி பாதித் தூக்கத்துக்குள் கொண்டுபோய், உடம்புக்குத் திரும்பத் திரும்ப ஒரே சேதியைச் சொல்லி வலியை மட்டுப்படுத்துகிற பயிற்சி. முதல் வகுப்பில் ரேடியோ மெய்யாகவே தூங்கிக் குறட்டை விட்டான். கொடுத்தனுப்பிய இரண்டு பக்கத் தாளை வீட்டில் தினமும் சாயங்காலம் அவன் வாசிக்க வேண்டும், அவள் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

"என்னை ஏற்கெனவே வசியம் பண்ணி வச்சிருக்கே. இப்ப உன்னையே பண்ணிக்கப் போறியா?"

"சிரிக்காம படிங்க."

தாளில் ஒரு படிக்கட்டு வரும். பத்துப் படி. ஒவ்வொரு படியாக இறங்க இறங்க உடம்பு தளரும். கீழே ஒரு தொட்டி நிறையக் குளிர்ந்த தண்ணீர். அதில் கையை முக்கினால் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, உறை மாட்டின மாதிரி மரத்துப் போகும். பிறகு அந்தக் கையை எடுத்து எங்கே வலிக்கிறதோ அங்கே வைக்க வேண்டும். மரப்பு கையிலிருந்து அங்கே இறங்கும்.

"பத்துப் படியும் நடந்தே இறங்கணுமா? எஸ்கலேட்டர் போட்டுக் குடுக்கறேனே, சீக்கிரம் போயிடலாம்."

"படிங்கன்னா படிங்க!"

மூன்றாவது வாரம் அவள் துணி உலர்த்துகிற கிளிப் ஒன்றை எடுத்துப் புறங்கைத் தோலில் மாட்டிக்கொண்டாள். கண் மூடி, மூச்சு விட்டு, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "அழுத்துது. அவ்வளவுதான். வலின்னு சொல்ல முடியல" என்றாள். முகத்தில் சோதனைக்கூடத்தில் நிறம் சரியாக மாறிவிட்ட சந்தோஷம். நம்பாமல் ரேடியோ அதே கிளிப்பைத் தன் கையில் மாட்டிப் பார்த்தான். அவன் போட்ட கத்தலில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இப்படி நாற்பது நாள் ஆனது. தாள் அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. அதன் மேல் நம்பிக்கை மட்டும் வரவில்லை.

அன்று காலை ஒரு பெரிய கடைவளாகத்தில் வேலை. பதினோரு மணிக்குக் கடை திறக்கும், அதற்குள் எஸ்கலேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக்கைச் சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டாயிற்று. இரண்டு படிகளைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. கீழ்த்தளத்தில் தரைத்தட்டைத் தூக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கிய ரேடியோ, குனிந்து, சங்கிலி பற்சக்கரத்தில் ஏறுகிற இடத்தில் துணியால் மசகைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே மோட்டார் பக்கத்தில் மைத்துனர் பிரேக்கில் கை வைத்திருந்தார். பிரேக்கை விட்டால் படிகள் தம் பாரத்திலேயே உருளும். அதனால் கீழே இருப்பவன் 'விடு' என்று சொல்லாமல் மேலே இருப்பவர் விடக் கூடாது. பதினோரு வருடமாக அதுதான் அவர்களுக்குள் ஏற்பாடு.

ரேடியோ அந்தக் கிளிப் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் கீழ்வீட்டுக்காரர் வந்தார், அவருடைய நாய் வந்தது, அந்த நாய் போன மாதம் கடித்த தபால்காரர் வந்தார். கதை எங்கேயோ போய்விட்டது.

"சரி, அதை விடு மச்சான்! விஷயத்துக்கு வர்றேன்..."

மேலே மைத்துனரின் காதில் 'விடு' மட்டும் விழுந்தது. விட்டார்.

படிகள் நகர்ந்தது அரை அடி கூட இருக்காது. அலறல் கேட்டு அவர் பிரேக்கை அறைந்து பிடித்தார். தேய்ந்திருந்த பிரேக் பட்டை உடைந்து இடுக்கில் போய் ஆப்பு வைத்த மாதிரி இறுகிக்கொண்டது. சக்கரம் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ரேடியோவின் இடது கை, மணிக்கட்டு வரை, சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில்.

மைத்துனர் நாலு படிக்கு ஒரு படியாகத் தாவி இறங்கி வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே... நான்... நீ விடுன்னு..."

"ஃபோன் போடு" என்றான் ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டு. "அவளுக்கு இல்ல. ஆம்புலன்ஸுக்கு."

எட்டு நிமிடத்தில் தீயணைப்புப் படையும் ஆம்புலன்ஸும் வந்து சேர்ந்தன. படையின் தலைவர் நரைத்த புருவமும் நிதானமும் கொண்ட மனிதர். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மேலே போய் மோட்டாரையும் பார்த்துவிட்டு வந்தார்.

"பிரேக் இறுகிப்போச்சு. அதோட மல்லுக்கட்டினா நேரம்தான் போகும். சங்கிலியோட ஆணியைத் தட்டிக் கழட்டிட்டா சக்கரம் தளர்ந்துடும். முப்பது, நாப்பது நிமிஷம் ஆகும் தம்பி."

நாற்பது நிமிடம். ரேடியோவுக்கு அடுத்த நிமிடத்தைத் தாண்டுவதே மலையாக இருந்தது. கையில் தொடங்கிய வலி தோளில் ஏறி, தாடையில் ஏறி, கண்ணுக்குப் பின்னால் வந்து மோதிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் பெண் குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, அவனுடைய வலது மணிக்கட்டில் நாடி பார்த்தாள்.

"ரத்தம் அதிகம் போகல. சக்கரமே கட்டுப் போட்ட மாதிரி அழுத்திட்டிருக்கு. வலிக்கு ஊசி போட்டுடறேன்" என்று மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"ஐயோ, அது வேண்டாம்மா. குடல்வால் ஆபரேஷனப்ப அதைத்தான் போட்டாங்க. மூச்சே நின்னுடுச்சு. ரெண்டு நாள் மெஷின்ல கிடந்தேன்."

அவள் கை நின்றது. இந்தக் குழிக்குள் மடங்கி நிற்கிறவனுக்கு மூச்சு நின்றால் படுக்க வைக்கக்கூட இடமில்லை. "அப்ப இங்க வச்சுப் போட முடியாது. வெளியே வந்ததும் வேற மருந்து இருக்கு. தாங்கிக்குவீங்களா?"

தாங்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். அப்போதுதான் அந்த இரண்டு பக்கத் தாள் ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்புதான் முதலில் வந்தது, அழுகை கலந்த சிரிப்பு. துணி கிளிப்புக்கே ஊரைக் கூட்டினவன்! ஆனால் வேறு எதுவும் கைவசம் இல்லை.

"கொஞ்சம் யாரும் பேசாதீங்க" என்றான். ரேடியோவின் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையே இல்லை அது. மைத்துனர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

கண்ணை மூடினான். மூச்சை உள்ளே நாலு எண்ணி இழுத்து, வெளியே எட்டு எண்ணி விட்டான். இரண்டாவது மூச்சு நடுங்கியது, ஐந்தாவது மூச்சு கொஞ்சம் சொன்னபடி கேட்டது. 'ஒரு படிக்கட்டின் உச்சியில் நிற்கிறாய்...' மனப்பாடமான வரி தானாக வந்தது. முதல் படியில் காலை வைத்தான். படி நகர்ந்தது! சங்கிலி கடகடத்தது. கை மறுபடி சக்கரத்துக்குள் போவது போல் நெஞ்சு துள்ளி, கண்ணைத் திறந்துவிட்டான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. படிக்கட்டு ஆகாது. இன்றைக்கு எந்தப் படியும் ஆகாது.

வேறு என்ன இருக்கிறது? குளிர். மரத்துப் போகிற குளிர். எங்கே பட்டிருக்கிறேன்?

ஐஸ் ஃபேக்டரி! பள்ளி முடித்த வருடம் நாலு மாதம் அங்கே பாளம் தூக்கினான். எட்டுப் பேருக்கு மூன்று ஜோடி கையுறைதான், அவன் முறை வரவே வராது. பத்தாவது பாளம் தூக்கும்போது விரல்கள் அவனுடையவையாக இருக்காது. ஒருநாள் இடுக்கி கிழித்து உள்ளங்கையில் இரண்டு அங்குலத்துக்கு வெட்டு. டீ குடிக்க உட்கார்ந்தபோது டம்ளர் சிவப்பாக இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. வலி இல்லை. துளியும் இல்லை!

இது தாளில் இருந்த கதை இல்லை, அவனுக்கே நடந்தது. இதே கை. இந்தக் கைக்கு எப்படி மரத்துப் போவது என்று தெரியும்!

இருட்டில் சுவிட்ச் தட்டுப்பட்ட மாதிரி உள்ளுக்குள் ஒரு துள்ளல். மறுபடி கண்ணை மூடினான். இந்த முறை வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தான். பேசாமல் அவனுக்கு எதுதான் வந்திருக்கிறது?

"கதவைத் திறக்கறேன். வெள்ளையா புகை. மூக்குல அமோனியா நெடி. முதல் பாளம். ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்கறேன். எரியுது. குளிர் எரியுது. எரியட்டும். ரெண்டாவது பாளம். விரல் நுனி விறைக்குது. சுண்டு விரல் போச்சு. மோதிர விரல் போச்சு. மூணாவது பாளம்..."

அவன் சொன்னபடியே குழிக்குள் ஒரு குளிர் இறங்கியது. முதலில் நுனி விரல்கள் தூரமாயின, பிறகு உள்ளங்கை. ஒன்பதாவது பாளத்தில் கை யாருக்கோ சொந்தமான கனமான கையுறை மாதிரி இருந்தது. வலி எங்கேயும் ஓடிவிடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது சாமான் உருட்டுகிற சத்தம் கேட்டது. உருட்டிக்கொள்ளட்டும்.

ஆம்புலன்ஸ் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்று முப்பத்தாறில் இருந்த நாடி நூற்றுப் பத்துக்கு வந்து, தொண்ணூறுக்கு வந்தது. தலைவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவர் ஆட்களிடம் விரலைக் காட்டி, மெதுவாக, சத்தமில்லாமல் என்று சைகை செய்தார்.

ஆனால் சுத்தியலுக்குச் சைகை புரியுமா? முதல் அடி ஆணியில் விழுந்தது. அதிர்வு சங்கிலி வழியே ஓடி வந்து எலும்பில் இறங்கியது. ஐஸ் ஃபேக்டரி பொலபொலவென்று உதிர்ந்துபோனது. ரேடியோ கத்தின கத்தலில் மேல்தளத்தில் காத்திருந்த கடைச் சிப்பந்திகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"நிறுத்துங்க!" என்றார் மைத்துனர்.

"நிறுத்தினா கழட்ட முடியாதுப்பா" என்றார் தலைவர்.

ரேடியோ வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. மூச்சு தொண்டையிலேயே நின்றது. பேசினால்தான் உள்ளே போக முடியும், பேசுவதற்கு மூச்சில்லை. வலது கையால் மைத்துனரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"மச்சான்... நீ... சொல்லு."

"நானா?"

"ஐஸ் ஃபேக்டரி... சொல்லு."

வாழ்க்கையில் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை பேச வேண்டியிருந்தால் கழிப்பறைக்குப் போய்விடுகிற மனிதர். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பிறகு குழிக்குள் முகத்தை விட்டு, ரேடியோவின் காதோரம் குனிந்து ஆரம்பித்தார். பதினோரு வருடமாக அந்தக் கதையைக் குறைந்தது நூறு தடவை கேட்டவர் ஆயிற்றே.

"கதவைத் திறக்கறே மாப்ளே. வெள்ளையா புகை. வலது பக்கம் சாக்கு அடுக்கியிருக்கு. அந்தக் குட்டை மேஸ்திரி நிக்கறாரு, காதுல பென்சில் சொருகிட்டு. அவருதான், உனக்குக் கையுறை தராத ஆளு. முதல் பாளம். தூக்கு. குளிருது, எரியுது. மூச்சை விடு... மெதுவா விடு..."

சொன்னதும் 'விடு' என்ற வார்த்தையில் அவர் குரல் தடுக்கியது. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் நிறுத்தவில்லை.

"ரெண்டாவது பாளம். உன் சுண்டு விரல் விறைச்சுப் போச்சு..."

ரேடியோ அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். இந்த முறை சுலபமாக இல்லை. சுத்தியல் ஒவ்வொரு தடவை விழும்போதும் கதவு ஆடியது. ஒவ்வொரு அடியையும் பாளம் தரையில் இறங்குகிற சத்தமாக மாற்றிக்கொண்டான். டங்! ஆறாவது பாளம் இறங்கியாச்சு. டங்! ஏழு. அடி வேகமாக விழ விழ அவன் வேகமாக அடுக்கினான். என்னவோ ஒரு ஆவேசம் வந்துவிட்டது. எட்டு! ஒன்பது! மேஸ்திரியே வாயைப் பிளந்து பார்க்கிறார். இவ்வளவு வேகமாக யாரும் அடுக்கியதில்லை! உடம்பெல்லாம் சில்லிட்டு, மனசு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. நான் செய்கிறேன், இதை நான்தான் செய்கிறேன்!

"ஆணி வந்துடுச்சு" என்றார் தலைவர். பிறகு குரலைத் தணித்து மைத்துனரிடம், "இப்ப சக்கரத்தை ரெண்டு பல் பின்னால திருப்பணும். கை உள்ள இருக்கும்போதே. அதுதான் இருக்கறதுலயே மோசமான வலி. அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றார்.

கண்ணைத் திறக்காமல் ரேடியோவே பதில் சொன்னான். "கேட்டுச்சு சார். இருபதாவது பாளம்னு இவர் சொல்றப்ப திருப்புங்க."

பதினாறு. பதினேழு. பதினெட்டு. ஆம்புலன்ஸ் பெண் துணியும் கட்டும் எடுத்துத் தயாராக நீட்டிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது.

"இருபதாவது பாளம். பெரிசு. அணைச்சுப் பிடி மாப்ளே. தூக்கு. இறக்கு!"

இரும்பு முனகியது. எங்கோ, சுவருக்கு அந்தப் பக்கம், ஏதோ பெரிய சாமான் உருண்டு விழுந்தது.

"இறக்கிட்டேன்" என்றான் ரேடியோ. கொஞ்ச நேரம் கழித்து, "எப்ப சார் திருப்புவீங்க?" என்று கேட்டான்.

"கை வெளிய வந்தாச்சு தம்பி. கண்ணைத் திறங்க" என்றார் தலைவர்.

திறந்தான். துணி சுற்றின கை அவன் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. மேல்தளத்தில் யாரோ ஒருத்தி முதலில் கைதட்டினாள். அப்புறம் தளத்துக்குத் தளம் கைதட்டல் ஏறிப் போனது. மைத்துனர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வலி முழுசாகத் திரும்பியது ஆம்புலன்ஸில்தான். வேறு மருந்து ஏறி அது அடங்கியதும் ரேடியோ பேச ஆரம்பித்தான். ஆஸ்பத்திரி வாசல் வரை நிறுத்தவில்லை. "தொண்ணூறா? என் நாடி தொண்ணூறா? எழுதி வைம்மா, சீல் போட்டுக் குடு, என் பொண்டாட்டி நம்ப மாட்டா!"

ஆபரேஷன் மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு எலும்பில் கம்பி வைத்தார்கள். சுண்டு விரலின் நுனி போய்விட்டது, மற்றது தப்பியது. கண் விழித்தபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது வீங்கிய முகம். அண்ணன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஒன்று விடாமல், முக்கால் மணி நேரம்!

"நாப்பது நாள் உயிரைக் குடுத்துப் படிச்சது நானு. தூங்கி வழிஞ்சிட்டு, பரீட்சைய மட்டும் நீங்க போய் எழுதிட்டீங்க" என்றாள்.

"பாஸா, ஃபெயிலா டீச்சர்?"

அவள் அவன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள், பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவளுக்குப் பனிக்குடம் உடைந்தது. பிரசவ அறையில் ரேடியோ கட்டுப் போட்ட கையோடு தாளைப் பிரித்தான். சொந்த அனுபவம் வேறு சேர்ந்துவிட்டதே! "கேளு, முதல்ல ஒரு ஐஸ் ஃபேக்டரி..."

"ஐஸ் ஃபேக்டரி வேண்டாம். படிக்கட்டும் வேண்டாம். நான் பார்த்துக்கறேன். நீங்க பேசாம என் கையைப் பிடிச்சிட்டு இருங்க."

பேசாமல் இருந்தான். ஆறு மணி நேரம்! அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வலி எழும்போதும் நீளமாக மூச்சு விட்டு, எங்கோ தானே இறங்கி, தானே ஏறி வந்தாள். அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் அங்கே காற்று நன்றாக வருகிறது என்று தெரிந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனாள். கடைசி ஒரு மணி நேரம் அது ஒன்றும் பலிக்கவில்லை. "ஊசியோ கடப்பாரையோ, எதையாவது போட்டுத் தொலைங்க!" என்று அவள் அலறியபோது, "இனிமே எதுக்கு? தலை தெரியுது, முக்கு!" என்றாள் நர்ஸ்.

முக்கினாள். அறையே அதிர ஒரு அழுகை கேட்டது.

ரேடியோ வெளியே ஓடினான். தாழ்வாரத்தில் மைத்துனரைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். தரை துடைக்கிறவரிடம் சொன்னான், ஃபிளாஸ்க்கோடு போன யாரோ ஒரு தாத்தாவிடம் சொன்னான். லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஆறு பேர் நின்றார்கள்.

"மேலயா, கீழயா?" என்று ஒருவர் கேட்டார்.

"பொண்ணு!" என்றான்.